மே 31 லூயிஸ் ஃபராங்க் மாலை: எதை வாசிப்பது, யாரை வைத்து வாசிப்பது?

நாகர்கோவில்_பியானோ (இழை தொடங்கியவர்)

மே 31 பிரெஞ்சு இசையமைப்பாளரும் பியானோ ஆசிரியையுமான லூயிஸ் ஃபராங்க் பிறந்த நாள் (பாரிஸ், 1804). அன்று சாயங்காலம் நாகர்கோவிலில் அவர் படைப்புகளை மட்டும் வைத்து ஒன்றேகால் மணி நேர நிகழ்ச்சி ஒன்று நடத்த ஏற்பாடு. கையில் இருப்பது: ரொம்ப காலமாக ட்யூன் பண்ணாத அப்ரைட் பியானோ ஒன்று, 88 கீ டிஜிட்டல் பியானோ ஒன்று, வெஸ்டர்ன் வயலின் இரண்டு பேர், செல்லோ ஒருவர், வெஸ்டர்ன் ஃப்ளூட் ஒருவர், கோயில் திருவிழா பேண்டில் க்ளாரினெட் வாசிக்கிறவர் ஒருவர். அது போக கிரேடு 3 முதல் 7 வரை படிக்கிற பிள்ளைகள் ஒரு பத்துப் பேர்.

ஆசை என்னவோ அவருடைய நொனெட் (ஒன்பது வாத்தியங்களுக்கான படைப்பு) மேலதான். முடியுமா? இன்னொன்று, அறிமுக உரைக்கு "பாரிஸ் கன்சர்வேட்டரியின் முதல் பெண் பேராசிரியர், சம சம்பளம் வாங்கிய வீராங்கனை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே விடலாமா?

மார்த்தாண்டம் டீச்சர்

நொனெட்டை விட்டுருங்க. ஃப்ளூட், ஓபோ, க்ளாரினெட், ஹார்ன், பஸ்ஸூன், வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். ஒன்பதில் உங்ககிட்ட இருப்பது நாலு. ஓபோவை இரண்டாவது வயலினுக்குக் கொடுக்கலாம், ஹார்னை யூஃபோனியத்தில் ஊதலாம் என்று யாராவது யோசனை சொல்வாங்க, கேக்காதீங்க. இரண்டாவது பகுதி ஒரு மெட்டும் அதன் மாறுபாடுகளும். ஒவ்வொரு மாறுபாட்டிலும் வேறு வேறு வாத்தியம் முன்னால் வரும். அந்த நிற மாற்றம்தான் அந்தப் பகுதியே. வாத்தியத்தை மாற்றினால் மெட்டு மட்டும் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஆகிவிடும்.

நீங்க எடுக்க வேண்டியது ஓபஸ் (படைப்பு எண்) 44, இ ஃபிளாட் மேஜர் ட்ரையோ. க்ளாரினெட், செல்லோ, பியானோ. மூணும் கையில் இருக்கு. நாலு பகுதி, சுமார் 24 நிமிஷம். இன்னொன்று ஓபஸ் 45, இ மைனர்: ஃப்ளூட், செல்லோ, பியானோ. இரண்டையும் முழுசா வைக்காதீங்க. பியானோ வாசிக்கிறவருக்குக் கை ஓய்ந்துபோகும். 45-ல் மூன்றாவதாக வரும் ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான பகுதி மட்டும் போதும்.

க்ளாரினெட்காரர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனாலும் பயப்பட வேண்டாம். 44-ல் க்ளாரினெட்டுக்குப் பதிலாக வயலின் வாசிக்கவும் அப்போதே பகுதி அச்சிட்டிருக்காங்க. 45-ல் ஃப்ளூட்டுக்கும் அப்படித்தான். ஒரு வயலின்காரரை இரண்டையும் பயிற்சி பண்ணி வைக்கச் சொல்லுங்க.

பழைய நோட்டு

அறிமுக உரையை அப்படியே விடாதீங்க. "முதல் பெண் பேராசிரியர்" என்பது இணையத்தில் சுற்றுகிற வாசகம். கன்சர்வேட்டரி என்ற அந்த இசைக் கல்லூரி 1795-ல் தொடங்கின உடனேயே எலேன் டு மோஞ்ஜெரூ என்ற பெண்மணி முதல் நிலைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அதுவும் ஆண்கள் பியானோ வகுப்புக்கு. 1798-ல் விலகிவிட்டார். ஃபராங்க் வந்தது 1842-ல், பெண்கள் பியானோ வகுப்புக்கு. 1873 பிறக்கும்போது ஓய்வு. சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், 19-ஆம் நூற்றாண்டில் அந்த நிலையில் முப்பது வருஷம் நிலைத்து நின்று பாடம் சொன்ன பெண் அவர். இதுவே பெரிய விஷயம், "முதல்" தேவையில்லை.

சம்பள விஷயம் நடந்ததுதான். நொனெட் 1850-ல் அரங்கேறியது, அதில் வயலின் வாசித்தவர் யோசஃப் யோவாகிம், அப்போது அவருக்கு 18 வயது. நல்ல பேர் கிடைத்தது. அதே வருஷம் ஃபராங்க் இயக்குநர் ஓபேருக்கு எழுதி, உடன் வேலை பார்க்கும் ஆண்களுக்குச் சமமாகச் சம்பளம் கேட்டார், கிடைத்தது. அவர் சேர்ந்த அதே 1842-ல் சேர்ந்த பியானோ பேராசிரியர் ஆன்றி எர்ட்ஸ் அமெரிக்கக் கண்டத்தில் கச்சேரி சுற்றிக்கொண்டிருந்த வருஷங்களில் இவர் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு நியாயம் புரியும்.

ஆனால் உரை முழுக்க இதையே ஓட்டினால், முப்பது வருஷ வாத்தியார் வேலையில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிற மாதிரி. மாணவர்களுக்காக அவர் எழுதின பியானோ பயிற்சித் துணுக்குகளைப் பற்றிப் பேசுங்க.

குளச்சல்காரன்

சிம்பொனி மூணு எழுதியிருக்காருல்லா, அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லாம எப்படி?

பழைய நோட்டு

சொல்லலாம். சி மைனர் 1841, டி மேஜர் 1845, ஜி மைனர் 1847. மூன்றாவதை 1849-ல் கன்சர்வேட்டரியின் கச்சேரிச் சங்கமே வாசித்தது. அன்றைக்குப் பட்டியலில் கூடவே இருந்தது பேதோவனின் ஐந்தாவது. அதற்குப் பிறகு மங்கிப்போனதற்குக் காரணம் இரண்டு. பாரிஸில் அன்று பேர் வாங்கினது ஓபரா எழுதினவர்கள், இவர் ஓபரா எழுதவில்லை. இன்னொன்று, சிம்பொனிகள் அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை. இத்தனைக்கும் கணவர் அரிஸ்டீட் இசை நூல் பதிப்பாளர். பியானோ நூல் விற்கும், சிம்பொனி விற்காது. அச்சிட்டது கையில் தங்கியது, கையெழுத்துப்படி அலமாரியில் தங்கியது.

இசையமைப்பு படித்த விதமும் ஒரு வரி வரட்டும். 15 வயசிலேயே இசையமைப்பாளர் ஆன்டன் ரைஷாவிடம் படிக்கத் தொடங்கினார். கன்சர்வேட்டரியின் இசையமைப்பு வகுப்பில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. இடம் கொடுக்காத அதே நிறுவனத்துக்குப் பின்னால் பேராசிரியராகப் போனார், ஆனால் சொல்லிக்கொடுத்தது பியானோ மட்டும்தான்.

திருவிழா க்ளாரினெட்

44-ஐப் பத்தி நான் சொல்லுகேன். எழுதப்பட்டது அடால்ஃப் லெரூவா என்ற பாரிஸ் க்ளாரினெட்காரருக்கு. இ ஃபிளாட் மேஜர் என்றதும் பேண்ட்காரங்க பயப்பட வேண்டாம், பி ஃபிளாட் க்ளாரினெட்டுக்கு அது எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட். நோட்டு கையில் கஷ்டம் இல்லை. கஷ்டம் வேற இடத்துல.

முதல்ல வாத்தியம். நம்ம ஊர் பேண்ட் செட்டுகளில் பழைய க்ளாரினெட் நிறைய கிடக்கு. உடம்பில் எச் அல்லது எச்.பி. என்று முத்திரை இருந்தா அது உயர்சுருதி வாத்தியம். இப்போதைய பொதுச் சுருதியான ஏ 440-க்கு ஏறக்குறைய கால் சுரம் மேல நிக்கும். பேரலை எவ்வளவு இழுத்தாலும் பியானோவோட சேராது. அதை ஓரமா வச்சிட்டு வேற ஒன்று இரவல் வாங்குங்க. ரொம்ப இழுத்தா கீழ்ச் சுரமும் மேல் சுரமும் தனித்தனியா பிசகும், மொத்தமா சேர்ந்து இறங்காது.

அடுத்து ரீடு, ஊதுற இடத்துல இருக்கிற நாணல் சீவல். வெளியில, ஊர்வலத்தில, டிரம்முக்கு மேல கேக்கணும்னு மூணு, மூணரை ரீடு போட்டு அடிச்சு ஊதுவோம். அறைக்குள்ள செல்லோ பக்கத்துல உட்கார்ந்து அதையே ஊதினா செல்லோ காணாம போயிரும். இரண்டரைக்கு இறங்குங்க, குறைஞ்சது மூணு வாரம் முன்னாடியே. புது ரீடில் முதல் நாளே முழுசா ஊதாதீங்க, தினம் பத்து நிமிஷம் வீதம் பழக்குங்க. மெதுவான இரண்டாவது பகுதி, அடாஜியோ, அதுலதான் பேண்ட் மூச்சு மாட்டும். நீண்ட சுரத்தைத் தொடங்குற இடத்துல நாக்கு அடி கேக்கக் கூடாது. தினமும் ஒரே சுரத்தை எட்டு எண்ணிக்கைக்கு ஒண்ணுமில்லாத இடத்துல இருந்து தொடங்கி ஏத்தி, எட்டுக்கு இறக்கிப் பழகணும்.

மூணாவது வெயில். மே கடைசியில க்ளாரினெட் சூடாகி சுருதி ஏறும். செல்லோ இறங்கும். டிஜிட்டல் அப்படியே நிக்கும். வாசிக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஊதிச் சூடாக்கிட்டு, அப்புறம் சுருதி சேருங்க. குளிர்ந்த வாத்தியத்துல சேர்த்தா முதல் பகுதி முடியுறதுக்குள்ள ஏறிரும்.

தக்கலை வயலின்

ஒரு சந்தேகம். கர்நாடக வயலின் படிக்கிற நல்ல பிள்ளைகள் இங்க நிறைய பேர் உண்டு. அவங்களைச் சேர்த்துக்கிட்டா நாலஞ்சு பேரா ஆகுமே?

மார்த்தாண்டம் டீச்சர்

இந்த நிகழ்ச்சிக்கு வேண்டாம். திறமை குறைவு என்பதற்காக அல்ல. கர்நாடக வயலின் ச-ப-ச-ப சுருதியில், பாடுகிறவர் கட்டைக்கு இறக்கிக் கட்டியிருக்கும். அந்தத் தந்திகளையே ஜி-டி-ஏ-இ-க்கு முறுக்கினால் ஒன்று அறும், அறாவிட்டாலும் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். வேறு தந்தி மாற்றணும். பிறகு பிடி. உட்கார்ந்து, வயலின் தலையைப் பாதத்தில் தாங்கும்போது இடது கை சுதந்திரமாக வழுக்கும். கமகத்துக்கு அது வேண்டும். நின்றோ நாற்காலியிலோ தாடையில் பிடித்து வாசிக்க, கை நகர்வதற்கே வேறு பழக்கம். இரண்டு மாசத்தில் மாற்றுவது பிள்ளைக்கும் நல்லதில்லை, ஃபராங்குக்கும் நல்லதில்லை.

தக்கலை வயலின்

சரி. புல்லாங்குழலும் அதே கதைதானா?

மார்த்தாண்டம் டீச்சர்

45-க்கா? ஆமா. அது லூயி டோருஸுக்காக எழுதினது. பாரிஸில் போம் முறை (புதுச் சாவி அமைப்பு) ஃப்ளூட்டை முதலில் கையில் எடுத்தவர்களில் அவர் ஒருவர். எல்லா அரைச் சுரமும் சாவியில் ஒரே வலுவோடு வரும் என்று நம்பித்தான் அந்தப் பகுதி எழுதப்பட்டிருக்கு. மூங்கில் குழலில் பாதித் துளை மூடி அந்த வேகத்தில் போக முடியாது.

சுருதி சேர்ப்பவன்

பியானோவைப் பத்தி யாரும் வாயே திறக்கல. அதுதான் முதல் வேலை.

நம்ம மாவட்டத்துல இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றும் உண்டு. அப்ரைட்டில் தந்தி துருப்பிடிச்சிருக்கும். தந்திகள் மொத்தமா பதினைஞ்சு இருபது டன் இழுவையில நிக்குது. பல வருஷம் இறங்கிக் கிடந்ததை ஒரே நாளில் 440-க்கு ஏத்தினா துரு விழுந்த இடத்துல அறும். ட்யூனரிடம் முதல்ல எவ்வளவு இறங்கியிருக்குன்னு மட்டும் அளக்கச் சொல்லுங்க. கால் சுரத்துக்கும் குறைவா இறங்கியிருந்தா ஏப்ரலில் ஒரு முரட்டு ஏற்றம், இரண்டு வாரம் விட்டு நுணுக்கமா ஒண்ணு, நிகழ்ச்சிக்கு இரண்டு மூணு நாள் முன்னாடி கடைசி ஒண்ணு. அதைவிட அதிகமா இறங்கியிருந்தா 440-ஐ மறந்துட்டு, பியானோவுக்குள்ளேயே ஒன்றோடொன்று சேரும்படி கீழேயே வச்சு ட்யூன் பண்ணச் சொல்லுங்க. தனி வாசிப்புக்கு அது போதும். ட்ரையோவுக்கு ஆகாது, க்ளாரினெட் அவ்வளவு கீழ இறங்காது.

அப்போ ட்ரையோ டிஜிட்டலில். அதுல மொத்தச் சுருதியையும் ஏத்தி இறக்குற மாஸ்டர் ட்யூன் என்று ஒண்ணு இருக்கும். வெயிலில க்ளாரினெட் ஏறி நின்னா 441, 442 என்று டிஜிட்டலை ஏத்திக்கிட்டு செல்லோவை அதுக்குச் சேர்க்கலாம். ஒரே மாலையில இரண்டு சுருதியான்னு கேட்பீங்க. அப்ரைட்டுக்கும் டிஜிட்டலுக்கும் நடுவுல உரையை வையுங்க, காது மறந்துரும்.

கடைசி ட்யூனிங் நடக்கிற அன்னைக்கு அரங்கத்தில் ஏசி எப்படி ஓடுதோ அதே மாதிரி நிகழ்ச்சி அன்னைக்கும் ஓடணும். ஜூன் தொடக்கம் என்றால் மழை இறங்குற நேரம். ஈரம் ஏறினா ஒலிப்பலகை உப்பி நடு ஸ்தாயி மேல போகும், இரண்டு ஓரமும் அவ்வளவு அசையாது. அதனாலதான் "போன மாசம்தானே ட்யூன் பண்ணினோம்" என்று சொன்ன பியானோ மேடையில இளிக்கும்.

நாகர்கோவில்_பியானோ

அளந்தாச்சு, கால் சுரத்துக்கும் அதிகமாவே இறங்கிக் கிடக்கு. அப்போ பிள்ளைகள் அப்ரைட்டில், ட்ரையோ டிஜிட்டலில். பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

மார்த்தாண்டம் டீச்சர்

இதுதான் நிகழ்ச்சியின் நடு மையம். பயிற்சித் துணுக்குகள் நாலு தொகுதி. ஓபஸ் 26: எல்லா மேஜர், மைனர் சுருதிகளிலும் முப்பது. 1845-ல் கன்சர்வேட்டரி பியானோ வகுப்புகளுக்குப் பாடமாக ஏற்றது. ஓபஸ் 41: வேகத்துக்கான பன்னிரண்டு. ஓபஸ் 42: நடுத்தரக் கடினத்தில் இருபது. ஓபஸ் 50: எளியவை இருபத்தைந்து. எழுதின வரிசையைப் பாருங்க, கடினமானதில் தொடங்கி வகுப்பில் வருஷம் போகப் போக எளியதற்கு வந்திருக்கார். வாத்தியார் வேலை பார்த்தவங்களுக்கு ஏன்னு தெரியும்.

கொடுக்கும்போது தலைகீழாகக் கொடுங்க. கிரேடு 3, 4 பிள்ளைகளுக்கு 50. 5, 6-க்கு 42. 7-ல் இருப்பவருக்கு 26-ல் ஒன்று. 41 பக்கம் போகவே வேண்டாம்.

நம்ம பிள்ளைகளிடம் ஒரு பலமும் இரண்டு பலவீனமும் உண்டு. சர்ச்சில் நாலு குரல் பாட்டை கீபோர்டில் வாசித்துப் பழகினதால் ஆல்ட்டோ, டெனர் வரி காதில் விழும். ஃபராங்கின் துணுக்குகளில் மெட்டு நடு விரல்களில் ஒளிந்து போகும் இடங்களில் இது கைகொடுக்கும். பலவீனம் ஒன்று: கோர்டு பிடித்துப் பிடித்து இடது கை ஓடாது. இவர் இடது கையைச் சும்மா துணைக்கு விடுகிற ஆள் இல்லை. இரண்டு: வீட்டில் இருப்பது 61 கீ, எடையில்லாத கீபோர்டு. அது ஐந்து ஸ்தாயி. இவர் எழுதின காலத்துப் பியானோவே ஆறரை ஸ்தாயி. துணுக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே மேல் கோடுகளை எண்ணிப் பாருங்க, இல்லையென்றால் பிள்ளை வீட்டில் பாதியைக் காற்றில் வாசிக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது 88 கீயில் உட்கார வைக்கணும்.

பயிற்சி முறை: முதல் வாரம் பெடல் கிடையாது, கைகள் தனித்தனி, இடது கை முதலில். விரல் எண்ணைப் பென்சிலில் எழுதி, எழுதினதை மாற்றாமல் வாசிக்கணும். இரண்டு கையும் சேர்க்கும்போது இலக்கு வேகத்தில் பாதி. மெட்ரோநோமை நாலு நாலாக ஏற்றுங்க, மூணு தடவை தொடர்ந்து பிசகில்லாமல் வந்தால் மட்டும். ஒரு நாளைக்கு ஒரு ஏற்றம் போதும். பெடல் கடைசியில், அதுவும் கஞ்சத்தனமாக. அந்தக் காலப் பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கும். நம்ம பியானோவில் அதே அளவு மிதித்தால் எல்லாம் கலங்கிய குளம்.

பழைய நோட்டு

டீச்சர் சொன்னதோடு ஒன்று. ஃபராங்கிடம் படித்த மாணவிகளில் முக்கியமானவர் அவர் மகள் விக்டரின், 1826-ல் பிறந்தவர். 1844-ல் கன்சர்வேட்டரியில் பியானோவுக்கு முதல் பரிசு வாங்கினார். நோய்வாய்ப்பட்டு 1859-ல் இறந்தார். அதன் பிறகு ஃபராங்க் புதிதாக எழுதுவது பெரும்பாலும் நின்றுபோனது. ஆனால் வேலை நிற்கவில்லை. கணவரும் அவரும் 1861-ல் தொடங்கிய பழைய கீபோர்டு இசைத் தொகுப்பு, "பியானோக் கலைஞர்களின் கருவூலம்" என்று சொல்லலாம், 23 பாகம். அரிஸ்டீட் 1865-ல் இறந்தார். மீதியைத் தனியாக முடித்தார். கூப்பரான், ராமோ, ஸ்கார்லாட்டி, சி.பி.இ. பாக் எல்லாம் அதில் உண்டு. அச்சிட்டதோடு விடாமல், மாணவிகளை மேடையேற்றி அந்தப் பழைய இசையை வாசிக்க வைத்தார்.

அதனால் "அவர் படைப்பு மட்டும்" என்ற விதியைக் கொஞ்சம் தளர்த்தி, கிரேடு 6 பிள்ளை ஒன்றை ஸ்கார்லாட்டி சொனாட்டா ஒன்று வாசிக்க விடுங்க. அவர் நடத்தின மாலைகளின் சாயல் அப்போதுதான் வரும்.

குளச்சல்காரன்

நோட்டு எங்க கிடைக்கும்? காசு கட்டணுமா?

பழைய நோட்டு

இறந்தது 1875-ல். காப்புரிமை முடிந்து போனது. பழைய அச்சுப் பிரதிகள் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணைய நோட்டு நூலகத்தில் கிடைக்கும். புதிதாகத் திருத்தி வெளியிட்ட பதிப்பை ஜெராக்ஸ் எடுக்காதீங்க, அது அந்தப் பதிப்பகத்தின் உழைப்பு.

பழைய அச்சில் இரண்டு கண்ணி. பார் எண் (தாளக் கட்டங்களின் எண்) இருக்காது. ஒத்திகைக்கு முன்னால் மூன்று பேருடைய நோட்டிலும் ஒருவரே உட்கார்ந்து பத்து பாருக்கு ஒரு எண் எழுதணும். திரும்பி வரும் இடங்களில் முதல் முடிவை எண்ணுவதா வேண்டாமா என்று முன்கூட்டியே முடிவு பண்ணுங்க, இல்லையென்றால் ஆளுக்கொரு எண் வரும். அடுத்தது செல்லோ. 19-ஆம் நூற்றாண்டு அச்சுகளில் செல்லோவுக்கு ட்ரெபிள் கிளெஃப் (மேல் சுரங்களுக்கான குறி) போட்டிருந்தால் பல இடங்களில் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டியிருக்கும். பியானோ வரியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பென்சிலில் குறிச்சு வையுங்க. எழுதினபடியே மேலே வாசித்தால் க்ளாரினெட்டோடு முட்டும்.

நாகர்கோவில்_பியானோ

இப்படிப் போகிறது பட்டியல்: அப்ரைட்டில் ஓபஸ் 50, 42, 26-லிருந்து பிள்ளைகள் எட்டுத் துணுக்கு, சுமார் 16 நிமிஷம். ஸ்கார்லாட்டி 4. உரை 8, பேச்சு கன்சர்வேட்டரி வகுப்பறையைப் பற்றி, சம்பளக் கடிதம் அதில் ஒரு பத்தி. ஓபஸ் 45 ஸ்கெர்ட்ஸோ. கடைசியில் ஓபஸ் 44 முழுசா.

மார்த்தாண்டம் டீச்சர்

நல்லாயிருக்கு. பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒவ்வொருத்தரா மேடை ஏறி இறங்கினால் அதுவே பத்து நிமிஷம் தின்னும். முன்வரிசையில் வாசிக்கும் வரிசைப்படி உட்கார வையுங்க. நடுவில் கைதட்டல் வேண்டாம், எட்டும் முடிந்த பிறகு என்று உரையாளரே சொல்லட்டும். ஸ்டூல் உயரம் மாற்ற ஒரு ஆள் நிற்கணும், கிரேடு 3 பிள்ளைக்கும் 7 பிள்ளைக்கும் ஒரே உயரம் சரிப்படாது.

சுருதி சேர்ப்பவன்

டிஜிட்டலுக்கு யூபிஎஸ். மே கடைசியில மழையும் கரண்ட்டும் சொல்லிக்கிட்டு வராது. கரண்ட் போய் வந்தா மாஸ்டர் ட்யூன் திரும்ப 440-க்கு வந்து நிக்கிற மாடலும் உண்டு, முன்னாடியே ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க. ஒலியை அரங்கத்து ஸ்பீக்கருக்கு அனுப்பாம பியானோ பக்கத்திலேயே ஒரு ஆம்ப் வையுங்க. இல்லாட்டி பியானோ கூரையில இருந்தும் செல்லோ தரையில இருந்தும் கேக்கும்.

திருவிழா க்ளாரினெட்

செல்லோகாரருக்கு: மேடை டைல்ஸ் தரை. செல்லோவோட அடி முள்ளு வழுக்கும். நாற்காலி முன்கால் இரண்டிலும் ஒரு பெல்ட்டை மாட்டி, அதோட நடுவில் முள்ளை ஊன்றணும், இல்லாட்டி கார்பெட் துண்டு போட்டு அது மேல நாற்காலியையும் சேர்த்து வைக்கணும். வெறும் கார்பெட் மட்டும் போட்டா கார்பெட்டோட சேர்ந்து நகரும்.